தேனிக் கோபுரமும் கொற்கை வண்டலும்

கொஞ்சம் நீளமான பதிவு. விஷயம் கணினி. எழுதுவது வரலாற்று வாத்தியார். ஆகவே பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுதப்போகிறேன்.

கணினித் துறையில் மேற்படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகங்களில் வாரம் ஒருமுறை ஒரு கருத்தரங்கு நடக்கும். பொன்னாடை, வரவேற்புரை எதுவும் கிடையாது. பத்துப் பதினைந்து பேர் ஒரு அறையில் கூடுவார்கள். அண்மையில் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரையை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருப்பார்கள். ஒருவர் அதை எடுத்துச் சொல்ல, மற்றவர்கள் குடைவார்கள். இது உண்மையிலேயே ஒரு பிரச்சினையா? முன்னாலேயே யாரும் தீர்க்கவில்லையா? அளந்து பார்த்தார்களா? எங்கே வைத்து அளந்தார்கள்? இது எந்த இடத்தில் உடையும்? நம் ஊர்ப் பட்டிமன்றத்தைவிடக் காரமாகவே இருக்கும்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி இப்போது அப்படி ஒரு கருத்தரங்கில் உட்காரும் ஆய்வு மாணவர். கொற்கைப் பக்கத்துப் பையன். அவர் என்னிடம் சொன்னார்: "சார், நாங்க வாராவாரம் படிக்கிறது எல்லாம் அமெரிக்காவுல லட்சம் மெஷின் ஓடுற இடத்தப் பத்தி. நம்ம ஊருக்கும் அதுக்கும் ஒரு ஒட்டும் கிடையாது."

அவருக்கு நான் அனுப்பிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். ஒட்டு உண்டு என்பது என் கட்சி.

முதலில் ஒரு விளக்கம். கணினித் துறையில் 'சிஸ்டம்ஸ்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. பல எந்திரங்கள், கம்பிகள், வானலைகள், நினைவகங்கள் எல்லாம் கூடி ஒரு வேலையைச் செய்யும்போது அவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் கெட்டுக்கொண்டே இருக்கும். அப்படிக் கெட்டாலும் வேலை நிற்காமல் நடப்பது எப்படி என்பதுதான் இந்தப் பிரிவின் பெரிய கவலை. இதில் உலக அளவில் மதிப்புள்ள மாநாடுகளில் ஒன்று, யூஸ்னிக்ஸ் அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் என்.எஸ்.டி.ஐ. அங்கே ஒரு கட்டுரை ஏறுவது லேசான காரியம் இல்லை. 2007-லும் 2008-லும் அந்த மாநாட்டில் ஏறிய இரண்டு கட்டுரைகள் நம் தேனி மாவட்டத்தில் நடந்த ஒரு வேலையோடு பின்னிக் கிடப்பவை. அந்தக் கதை தொடங்குவதோ நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில்.

கரிசல் காட்டிலிருந்து ஒரு டாக்டர்

டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1918-ல் எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். 1986 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை அந்த ஊரும் கொற்கையும் ஒரே மாவட்டம்தான். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண்புரை அறுவைச் சிகிச்சை செய்யப் பழகினார். 1976-ல் தன் 58-ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுதான் அரவிந்த். (ஓய்வு பெற்ற பிறகு இனி என்ன என்று உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.) தேனியில் 1985-லும் திருநெல்வேலியில் 1988-லும் கிளைகள் வந்தன.

ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியவர்கள் அவர்கள். முகாமில் எவ்வளவு கூட்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு ஒன்றைச் சொன்னது. முகாம் நடக்கும் கிராமங்களில் கண்ணில் கோளாறு உள்ளவர்களை எண்ணிப் பார்த்தால், முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். மீதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். இலவசம் என்றாலும் பஸ் செலவு இருக்கிறது. ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வரும் மகனுக்கோ மருமகளுக்கோ இன்னொரு நாள் கூலி போகிறது. 'வயசானா பார்வை மங்கத்தான் செய்யும்' என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்ட கிழவிகள் எத்தனை பேரை நாமே பார்த்திருக்கிறோம்.

அதற்கு மாற்றாக வந்தவைதான் பார்வை மையங்கள். சிறு ஊரில் ஓர் அறை. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, கண்ணைப் பரிசோதிக்கப் பழக்கி, அங்கே உட்கார வைப்பது. டாக்டர் தேனி மருத்துவமனையில் இருப்பார். நோயாளியும் டாக்டரும் திரையில் முகம் பார்த்துப் பேசுவார்கள். கண்ணாடி போதுமா, அறுவைச் சிகிச்சைக்கு வரவேண்டுமா என்பது அங்கேயே முடிவாகிவிடும். பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்குப் பஸ் ஏறும் தேவையே இருக்காது.

யோசனை நல்லதுதான். படம் போக வழி வேண்டுமே?

பதினைந்து கிலோமீட்டர் கூப்பிடு தூரம்

இன்றைய பிள்ளைகளுக்கு இது புரிவது கஷ்டம். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல். கிராமத்துக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கி, மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணையக் கடைகள் திறக்கக் காரணமாக இருந்தது. அது பெரிய சாதனை. ஆனால் அதில் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான் போகும். கண்ணைப் படம் பிடித்து அனுப்பலாம், முகம் பார்த்துப் பேச முடியாது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியர். சிஸ்டம்ஸ் பிரிவில் பெரிய பெயர். அவருடைய மாணவர்கள் சோனேஷ் சுரானா, ரபின் பத்ரா முதலியோர். சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் பெர்க்லி போன லட்சுமிநாராயணன் சுப்ரமணியனும் அந்தக் குழுவில். இவர்கள் அரவிந்தோடு சேர்ந்து ஒரு மலிவான வழியைத் தேடினார்கள். வீட்டுக்குள் பயன்படுத்தும் வைஃபை அட்டையை எடுத்து, ஒரே திசையில் பார்க்கும் ஆன்டெனாவோடு சேர்த்துக் கோபுரத்தில் மாட்டி, ஊரிலிருந்து ஊருக்கு அலையை அனுப்புவது. 2005-ல் இந்திய அரசு அந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது இதற்கு வசதியாகப் போயிற்று. தேனி மருத்துவமனையைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை இணைப்புகள். சிலவற்றுக்குக் கோபுரம் கட்டினார்கள்.

மாட்டிவிட்டார்கள். ஆனால் ஓடவில்லை. ஓடியதும் நொண்டியது.

ஏன் என்று கேட்டதில்தான் ஆராய்ச்சி பிறந்தது. வைஃபை வீட்டுக்காகச் செய்யப்பட்டது. ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு, 'சேர்ந்தது' என்ற பதிலுக்காகக் கண் இமைப்பதிலும் மிகச் சிறிய நேரம்தான் காத்திருக்கும். ஒளியும் வானலையும் ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். 15 கிலோமீட்டர் போக 50 மைக்ரோ நொடி, பதில் திரும்ப இன்னொரு 50. இந்தப் பக்கத்து எந்திரமோ அதற்குள் பொறுமை இழந்து, சேர்ந்துவிட்ட பொட்டலத்தையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, பேசுவதற்கு முன் வேறு யாரும் பேசுகிறார்களா என்று வைஃபை காது கொடுத்துக் கேட்கும். அது ஒரே அறைக்குச் சரி. 15 கிலோமீட்டருக்கு அப்பால் இப்போதுதான் பேச ஆரம்பித்தவன் குரல் இன்னும் இங்கே வந்தே சேர்ந்திருக்காது.

மூன்றாவது, ஒரே கோபுரத்தில் இரண்டு திசைக்கு இரண்டு ஆன்டெனா. ஒன்று கத்தும்போது மற்றொன்றின் காதில் எதுவும் விழாது.

இதற்கு விடையின் பாதி இந்தியாவிலேயே இருந்தது. கான்பூர் ஐஐடியில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் கங்கைச் சமவெளியில் இதே மாதிரி நீண்ட வைஃபை இணைப்புகளை வைத்துப் பார்த்து, 2005-ல் ஒரு முறையை வெளியிட்டிருந்தார்கள். ஒரு கோபுரத்தில் உள்ள எல்லா ஆன்டெனாவும் ஒரே நேரத்தில் பேச வேண்டும், பிறகு ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். நம் ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தண்ணீருக்கு முறை வைப்பதுதான். இன்னின்ன நேரம் உன் மடை, இன்னின்ன நேரம் என் மடை. யார் முந்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் வாய்க்காலில் சண்டைதான் ஓடும்.

பெர்க்லி குழு அந்த முறையை எடுத்துக்கொண்டு மேலும் இரண்டைச் சேர்த்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனி ரசீது கேட்காமல், ஒரு லோடுக்கு ஒரே ரசீது. அதில் எது வந்தது, எது வரவில்லை என்ற பட்டியல் இருக்கும். அடுத்தது, வழியில் தொலைவதை ஈடுகட்டக் கொஞ்சம் உபரித் தகவலையும் கூடவே அனுப்புவது. கணக்கு வாத்தியார் ஐந்து எண்களைச் சொல்லிவிட்டு ஆறாவதாக மொத்தத்தையும் சொல்கிறார் என்று வையுங்கள். நடுவில் ஒரு எண் காதில் விழாவிட்டாலும் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அடிப்படை அதுதான். இதற்கு 'வைல்ட்நெட்' என்று பெயர் வைத்து 2007-ல் கட்டுரை எழுதினார்கள். சாதாரண வைஃபையோடு ஒப்பிட்டால் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூடுதலாகத் தகவல் போயிற்று. அதே மலிவான அட்டை. மாறியது பேசும் ஒழுங்கு மட்டும். அதே ஆண்டு வெனிசுவேலா நாட்டில் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வைஃபை இணைப்பைச் சோதித்தபோது, இந்தக் குழுவின் முறையும் பயன்பட்டது.

கெட்டது அலை இல்லை, கரண்ட்

என் மாணவருக்கு நான் முக்கியமாகப் படிக்கச் சொன்னது அடுத்த ஆண்டுக் கட்டுரையைத்தான். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'முன்னோட்டத்துக்கு அப்பால்: ஊர்ப்புறக் கம்பியில்லா வலையமைப்புகளை உயிரோடு வைத்திருத்தல்' என்று வரும்.

கட்டுரை நேர்மையாகத் தொடங்குகிறது. கிராமங்களில் போடப்படும் கணினி அமைப்புகளில் மிகச் சிலவே நிலைக்கின்றன, பெரும்பாலானவை முன்னோட்டத்தோடு முடிந்துவிடுகின்றன என்கிறார்கள். திறப்பு விழா, ரிப்பன், போட்டோ, ஆறு மாதம் கழித்துப் பூட்டிய அறை. நாம் பார்க்காததா?

மூன்று ஆண்டுகள் தேனியிலும், வடக்கே தரம்சாலா பக்கத்து ஏர்ஜல்தி வலையமைப்பிலும் என்னென்ன கெட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் எதிரி மின்சாரம். கரண்ட் போவதுகூடப் பெரிய தொல்லை இல்லை. வரும்போது ஒழுங்காக வராததுதான் தொல்லை. திடீரென்று எகிறும், பிறகு பல்பு மினுக்கும் அளவுக்குத் தாழும். எகிறினால் கருவி கருகும். தாழ்ந்தால் கருவி சாகாமலும் பிழைக்காமலும் தொங்கி நிற்கும், நினைவக அட்டையில் உள்ளது குழம்பும். கோபுரத்தில் ஏறி அணைத்துப் போட ஆள் வேண்டும். அடுத்த எதிரி, என்ன கெட்டது என்றே தெரியாதது. இணைப்பு அறுந்தால் எதனால் அறுந்தது என்று தூரத்திலிருந்து பார்க்க வழியில்லை, ஏனென்றால் பார்க்கும் வழியும் அதே இணைப்புதான்.

அவர்கள் கண்ட தீர்வுகளில் பளபளப்பு எதுவும் இல்லை. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கருவியைத் தானே துண்டித்து, சரியானதும் தானே சேர்க்கும் ஒரு சிறு சுற்று. மலிவான சூரியமின் கட்டுப்பாட்டுக் கருவி. எந்திரம் உறைந்தால் தட்டி எழுப்பும் ஏற்பாடு. வலையமைப்பு செத்தாலும் செல்பேசி குறுஞ்செய்தி வழியாக நிலவரம் சொல்லும் மாற்று வழி. கூடவே, உள்ளூர் ஆட்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்துப் பொறுப்பை அவர்கள் கையில் விடுவது. அந்தக் கட்டுரை வந்தபோது மாதம் 3,000 கிராமத்து நோயாளிகள் இந்த வழியில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மதுரை, திருநெல்வேலி மருத்துவமனைகளும் இரண்டிரண்டு மையங்களை இப்படிச் சேர்த்திருந்தன. இன்று கண்ணாடி இழையும் செல்பேசி இணையமும் வந்து அந்தக் கோபுரங்களின் தேவை குறைந்திருக்கலாம். பார்வை மையங்களோ நூற்றைத் தாண்டிவிட்டன.

அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஏழு பேர் பெயர் இருக்கிறது. கோபுரத்தில் ஏறிய தேனிக்காரர் பெயர் அதில் இல்லை. கட்டுரை எழுதியவர்கள்தான் ஆசிரியர்கள், அது முறைதான். ஆனாலும் வரலாறு நடத்தியவனுக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா?

நம் கதைக்கு வருகிறேன்

கொற்கை ஏன் அழிந்தது என்று நான் வகுப்பில் கேட்பேன். எந்த ராஜா படையெடுத்தான் என்று பிள்ளைகள் யோசிப்பார்கள். 1968-69-ல் தொல்லியல் துறை இங்கே தோண்டி எடுத்த கரித்துண்டுக்குக் கிடைத்த காலம் கி.மு. 785. கிரேக்கர்கள் அறிந்த துறைமுகம், பாண்டியரின் முத்துப் பட்டினம். இன்று கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எந்தப் படையும் அதைக் கொண்டுபோகவில்லை. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து போட்ட வண்டல்தான் கொண்டுபோனது. துறை காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ வந்து பார்த்தது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்து, கடைசியில் தூத்துக்குடி நிலைத்தது.

ஆற்றின் வாயில் வண்டலோடு மனிதன் போராடி ஜெயிக்க முடியாது, அது இயற்கை. ஆனால் ஆற்றுக்கு மேலே பாருங்கள். கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை ஏழு அணைக்கட்டுகள் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இருந்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அவன் காலத்தில் வந்தது. பழைய அணைகள் இத்தனை நூற்றாண்டு ஓடியதற்குக் காரணம் கட்டியவர் மட்டுமில்லை. வாய்க்காலைத் தூர்வாரி, கரையை மிதித்து, மடையைப் பார்த்துக்கொண்ட குடிமராமத்துக்காரர்கள். கல்வெட்டில் ராஜா பெயர் இருக்கும், மண்வெட்டி பிடித்தவன் பெயர் இருக்காது. பராமரிப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீவைகுண்டம் அணையே சாட்சி. தூர்வாரச் சொல்லி 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டி வந்தது.

ஆகவே அந்த 2008 கட்டுரை எனக்குப் புதிதாகப் படவில்லை. அது கணினி மொழியில் எழுதிய குடிமராமத்து.

இனி என் மாணவருக்கும், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் கருத்தரங்கு அறைகளில் உட்காரும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் தீவுகளாகின. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றது. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் செல்பேசியும் போனது. கோபுரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன, அவற்றுக்கு உயிர் இல்லை. சென்னையில் இருந்த பிள்ளைகள் இங்கே அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் தவித்தார்கள். மாடியில் நின்ற அம்மாவுக்குப் படகு வருமா என்று கேட்க வழி இல்லை.

எந்தக் கோபுரம் எத்தனை மணிக்கு நின்றது? பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கியது? ஒரு கோபுரம் விழுந்தால் பக்கத்துக் கோபுரம் ஏன் தாங்கவில்லை? ஒரே ஒரு குறுஞ்செய்தியாவது வெளியே போக மாற்று வழி ஒன்று வைத்திருக்க முடியாதா? இவை எல்லாம் அசல் சிஸ்டம்ஸ் கேள்விகள். தேனியின் ஏற்ற இறக்கக் கரண்ட் உலக மாநாட்டில் ஏறத் தகுதியானது என்றால், ஏரலின் வெள்ளமும் தகுதியானதுதான். பெர்க்லியிலிருந்து யாராவது வந்து கேட்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் கட்டுரைகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள், வரி வரியாகக் குடையுங்கள். ஆனால் 'எங்கே வைத்து அளந்தார்கள்' என்று கேட்டீர்களே, அதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வெளியே வாருங்கள். அளக்க வேண்டியது நிறைய இங்கே கிடக்கிறது.

இந்தப் பதிவைப் படிக்கும் ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர், காயல்பட்டினம், ஆழ்வார்திருநகரி வட்டார நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வெள்ளத்தில் உங்கள் செல்பேசி எந்த ஊரில், எத்தனை மணிக்கு நின்றது, மறுபடி எப்போது வந்தது என்று நினைவிருந்தால் இங்கே எழுதுங்கள். கடைசியாக யாரோடு பேசினீர்கள் என்பதை வைத்து யோசித்தால் நேரம் ஞாபகம் வரும். ஊர், தேதி, மணி மட்டும் போதும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அந்தத் தம்பியிடம் கொடுக்கிறேன்.